அத்திவாரத்துக்குக் கீழே: செயின்ட்-மிஷேல் மண்ணும் சீமெந்தும்

சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்தச் சுவர் நிற்க அத்திவாரமும், அத்திவாரம் நிற்க நல்ல நிலமும் வேண்டும் என்பதை அவர்கள் தனியே சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு அதைச் சொல்லும் அவசியம் நேரவில்லைப் போலும். மொன்றியல் நகரிலே வீடு வாங்கும் எம்மவர்களுக்கோ அந்த அவசியம் நேர்ந்திருக்கிறது.

அகதியாக வந்திறங்கி, தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரவு பகலாக உழைத்து, சீட்டுக் கட்டி, வங்கியில் கடன்பட்டு, செயின்ட்-மிஷேலிலோ அதனை அடுத்த பகுதிகளிலோ பழைய மாடிக் கட்டடம் ஒன்றை வாங்கிய குடும்பங்கள் பல. ஒரு மாடியில் தாம் குடியிருந்து, மற்றதை வாடகைக்கு விட்டுக் கடனை அடைப்பது அவர்களின் எண்ணம். சில ஆண்டுகள் கழிகின்றன. வெளிச் செங்கற் சுவரில் படிக்கட்டுப் போல ஏறிச் செல்லும் ஒரு வெடிப்புத் தோன்றுகிறது. படுக்கையறைக் கதவு சட்டத்தில் இறுகுகிறது. தரையில் வைத்த பந்து தானாக உருளுகிறது. அப்போது யாரோ ஒருவர் வந்து, "அத்திவாரத்துக்குக் கீழே சீமெந்து அடித்து விட்டால் எல்லாம் சரியாகி விடும்" என்கிறார்.

இதனை நம்பலாமா என்று எம்மிடம் கேட்ட வாசகர்கள் ஒருவர் இருவர் அல்லர். சுருக்கமான விடை இதுதான்: சில மண்ணுக்குச் சீமெந்து நல்ல மருந்து, சில மண்ணுக்கு அது வீண் செலவு, வேறு சில மண்ணுக்கு அது கேடு. தம் வீட்டின் கீழ் இருப்பது எந்த மண் என்று அறியாமல் சீமெந்துக்குப் பணம் கொடுப்பது, நோயை அறியாமல் மருந்து குடிப்பதற்கு ஒப்பாகும். இந்த விடையின் காரணங்களைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சீமெந்து பிறந்த ஊர்

செயின்ட்-மிஷேல், மொன்றியலின் கல்லும் சீமெந்தும் பிறந்த இடங்களில் ஒன்று. இப்பகுதியின் கீழே ஏறத்தாழ 450 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதனை அகழ்ந்தெடுத்த இரு பெருங் குவாரிகள் மிறோன், பிராங்கோன் என்பன. மிறோன் நிறுவனம் தான் அகழ்ந்த கல்லை அங்கேயே சூளையிலிட்டுச் சீமெந்தாக்கியது. அதன் உயர்ந்த புகைபோக்கிகள் 1988இல் வெடி வைத்து வீழ்த்தப்படும் வரை இவ்வூரின் அடையாளமாக நின்றன.

நகரம் உயர உயர இவ்வூர் ஆழமாயிற்று. குழியாகிப் போன மிறோன் குவாரியில் 1968 முதல் குப்பை கொட்டப்பட்டது. 1984இல் மாநகரசபை அதனைத் தன்வசமாக்கியது. வீட்டுக் குப்பை கொட்டுவது 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்படுவதற்குள் ஏறத்தாழ 40 மில்லியன் தொன் கழிவு அங்கே புதைந்து விட்டது. இன்று அதன் மேல் புல்லும் மரமும் வளர்க்கப்பட்டு, ஓவியரும் அசைபடக் கலைஞருமான பிரெடெரிக் பாக் அவர்களின் பெயரால் ஒரு பெரும் பூங்கா அமைந்திருக்கிறது. அப்பூங்காவில் உலாவுவோர் காணும் வெள்ளை உருண்டைகள், கீழே அழுகும் குப்பையிலிருந்து எழும் வாயுவை உறிஞ்சும் கிணறுகளின் மூடிகளாகும். பிராங்கோன் குவாரியோ பல பத்தாண்டுகளாக நகரத்துப் பனி கொட்டும் குழியாயிற்று.

வடபகுதியிலிருந்து வந்த வாசகர்களுக்கு இக்கதை புதிதாக இராது. காங்கேசன்துறையிலும் இதுவே நடந்தது. 1950இல் உற்பத்தி தொடங்கிய அச் சீமெந்துத் தொழிற்சாலை அயலிலுள்ள சுண்ணாம்புக்கல்லை உண்டு வளர்ந்தது. 1990இல் போர் அதனை மூடியது. கல் போன இடங்களில் குழிகள் எஞ்சின. இரண்டு ஊர்களும் தம் நிலத்தைக் கொடுத்துப் பிறருடைய சுவர்களை எழுப்பின.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தின் பல இடங்களில் செம்மண்ணைச் சில அடி வெட்டினாற் கல் தட்டுப்படும். அத்திவாரம் கல்லின்மேல் அமரும். மொன்றியலில் கல்லுக்கு மேலே பனியாறு அரைத்து விட்டுச் சென்ற இறுகிய மண்ணும், பல இடங்களில் அதற்கும் மேலே களிமண்ணும் உள்ளன. ஒரு தெருவில் கல் பத்தடியில் இருக்கலாம். அடுத்த தெருவில் களிமண் ஆழமாக இறங்கலாம். பழைய கற்குழியொன்றை மூடிய மண்ணின்மேலேயே ஒரு வீட்டின் பின்பகுதி நிற்கவும் கூடும்.

கடல் விட்டுச் சென்ற களிமண்

ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை மூடியிருந்த பனிப்பாளம் உருகிப் பின்வாங்கிய போது, அதன் பாரத்தால் தாழ்ந்திருந்த நிலத்தினுள் அத்திலாந்திக் கடல் புகுந்தது. சம்பிளேன் கடல் எனப் புவியியலாளர் பெயரிட்ட அக்கடல் இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுகள் நின்றது. பனிப்பாளம் அரைத்த நுண்துகள்கள் உப்பு நீரிலே படிந்து களிமண்ணாயின. நிலம் மீண்டும் உயர்ந்து கடல் அகன்ற பின், மழைநீரும் நிலத்தடி நீரும் அந்த உப்பை மெல்ல மெல்லக் கழுவிச் சென்றன. துகள்கள் சீட்டுக்கட்டால் அடுக்கிய வீடு போல ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, இடையெல்லாம் நீர். குலைக்காத வரை நிற்கும்; குலைத்தாற் குழம்பாகும்.

கியூபெக்கின் இத்தகைய கடற்களிமண் எவ்வளவு கொடியது என்பதற்கு வரலாறு சாட்சி. 1971 மே 4ஆந் திகதி சகெனே பிரதேசத்தில் சென்-ஜான்-வியானே என்னும் ஊரில் நிலம் சரிந்து 31 பேர் மாண்டனர். 2010 மே 10ஆந் திகதி மொன்றியலுக்கு வடகிழக்கே சென்-யூட் என்னும் கிராமத்தில் ஒரு வீடு நிலத்தோடு அமிழ்ந்து, அதிலிருந்த குடும்பத்தினர் நால்வரும் உயிரிழந்தனர்.

இவை ஆற்றோரச் சரிவுகளில் நிகழ்ந்தவை. நகரின் சமதரையில் உள்ளோருக்கு இத்தகைய சரிவு பற்றிய அச்சம் வேண்டியதில்லை. அவர்களைத் தொடுவது களிமண்ணின் வேறொரு குணம். கோடை வரண்டால் களிமண் நீரை இழந்து சுருங்கும். அதனோடு வீட்டின் ஒரு மூலையும் இறங்கும். வீதியோரத்து வெள்ளி மேப்பிள், பொப்ளார், வில்லோ போன்ற மரங்கள் வரண்ட கோடையில் அத்திவாரத்துக்குக் கீழுள்ள ஈரத்தையும் தேடி வேர் விடும். வீடு முழுவதும் ஒரே அளவாக இறங்கினால் வெடிப்பு வராது. ஒரு மூலை மட்டும் இறங்கும் போதே சுவர் பிளக்கிறது.

சீமெந்து மண்ணை மாற்றுவது எப்படி

வீடுகளின் அத்திவாரம் பொதுவாக ஆழமற்றது. மொன்றியலில் மாரியில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே அது செல்ல வேண்டுமாதலால் நாலைந்து அடியாவது வெட்டுவர். நிலவறை உள்ள வீடுகளில் இன்னும் சற்று ஆழமாக இருக்கும். அத்திவாரம் தன் பாரத்தைக் கீழுள்ள மண்ணுக்குப் பகிர்ந்து விடுகிறது. சதுரமான அத்திவாரம் ஒன்றின் கீழே அதன் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழம் வரை இப்பாரம் கணிசமாக உணரப்படும். எனவே பலப்படுத்த வேண்டியது பெரும்பாலும் மேற்பகுதியிலுள்ள சில மீற்றர் மண்ணையே. அங்குதான் சீமெந்துக்கு வேலை.

சீமெந்து நீரோடு சேரும் போது கல்சியமும் சிலிக்காவும் இணைந்த பசை போன்ற பொருள் உண்டாகி மண்துகள்களை ஒட்டுகிறது. அதே வேளை சுண்ணாம்பும் வெளியாகிறது. அச்சுண்ணாம்பு முதற் சில மணி நேரத்தில் களிமண்ணின் நுண்தகடுகளைத் திரளச் செய்து அதன் வழுவழுப்பைக் குறைக்கும். பின் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் களிமண்ணிலுள்ள சிலிக்கா, அலுமினா என்பவற்றோடு கூடி மேலும் பசையை உண்டாக்கும். இதனாற்றான் பொறியியலாளர் 28 நாள் கழித்து வலிமையைச் சோதிக்கின்றனர். அதன் பின்னரும் வலிமை கூடுவதுண்டு. இவ்வாறு பக்குவமான மண் கொங்கிறீற் ஆகி விடாது. ஆனால், முன்பு காலடி புதைந்த மண் பல பத்து மடங்கு வலிமை பெற்று, சுருங்குவதும் தாழ்வதும் பெரிதும் குறையும்.

இவ்வறிவு புதிதன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சரசோட்டா நகரில் 1915இல் மண்ணையும் சீமெந்தையும் கலந்து ஒரு தெரு போடப்பட்டது. 1935இல் தென் கரோலைனாவின் ஜோன்சன்வில் என்னுமிடத்தில் அறிவியல் முறைப்படி அளந்து கலந்த வீதி அமைந்தது. வீதிக்கு உதவிய முறை பின்னர் கட்டடத்துக்கும் வந்தது.

மேலே கலப்பதும் ஆழத்தில் கலப்பதும்

எளிய முறை மேல்மண்ணிற் கலப்பது. பலவீனமான மண்ணைக் கிளறி, உலர் மண்ணின் நிறையில் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 12 வரை சீமெந்து சேர்த்து, அளவாக நீர் தெளித்து, அடுக்கடுக்காக இறுக்குவர். மணலுக்குக் குறைவாகவும் களிமண்ணுக்குக் கூடுதலாகவும் சீமெந்து வேண்டும். புட்டுக்கு மாக் குழைப்போர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். நீர் கூடினாற் களியாகும், குறைந்தாற் சேராது, கட்டிபட்டால் உள்ளே மா மாவாகவே இருக்கும். களிமண்ணில் உடையாமல் நின்ற கட்டி ஒவ்வொன்றும் சீமெந்து தொடாத பழைய மண்ணே. சீமெந்து இறுகத் தொடங்கு முன், ஓரிரு மணி நேரத்துக்குள், வேலையை முடித்து விடவும் வேண்டும்.

ஆழத்தில் கலக்கும் முறையை 1960களின் பிற்பகுதியில் சுவீடனும் யப்பானும் சுண்ணாம்பைக் கொண்டு தொடங்கின. 1970களில் யப்பானியர் சீமெந்துக்கு மாறினர். திருகு போன்ற அலகுகளைக் கொண்ட தண்டு நிலத்தினுள் சுழன்று இறங்கி, சீமெந்தை விட்டபடி மண்ணை அங்கேயே குழைத்துத் தூணாக்குகிறது. ஒரு கன மீற்றர் மண்ணுக்குப் பொதுவாக 100 முதல் 300 கிலோகிராம் வரை சீமெந்து செல்லும். இத்தகைய தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் சரளைக்கல் பரப்பி, அதன்மேல் சாதாரண அத்திவாரமே அமைக்கலாம். மூன்றாவது முறையில், மெல்லிய குழாயின் வழியே மிகுந்த அழுத்தத்தில் சீமெந்துக் கரைசலைப் பாய்ச்சி, மண்ணை அரிந்து கலந்து தூணாக்குவர். இடுக்கான இடங்களிலும் இதனைச் செய்யலாம். ஆயின் செலவு மிகுதி.

இதன் ஆற்றலை உலகுக்குக் காட்டிய நாள் 1995 ஜனவரி 17. யப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கி 6,400 பேருக்கு மேல் இறந்த அன்று, துறைமுகத்தோரம் கட்டப்பட்டுக் கொண்டிருந்த ஓரியன்ரல் ஹோட்டலைச் சுற்றிய கரைச்சுவர்கள் ஒன்று, இரண்டு மீற்றர் வரை கடற்பக்கம் நகர்ந்தன. அக்கட்டடம் ஆழத்தூண்களில் நின்றது. அத்தூண்களைச் சுற்றி மண்ணையும் சீமெந்தையும் கலந்து பெட்டி பெட்டியாக அமைத்திருந்த சுவர்கள் உள்ளேயிருந்த மணலைக் குழம்பாக விடாமல் காத்தன. ஹோட்டல் சேதமின்றி நின்றது. மொன்றியலும் 1732இல் வலிய நிலநடுக்கத்தைக் கண்ட நகரமே.

சீமெந்து தோற்கும் இடங்கள்

இனி வாசகர்களின் வினாவுக்கு வருவோம். நின்ற வீட்டின் கீழே துளையிட்டுச் சீமெந்துக் கரைசலை விட்டால் என்ன ஆகும்? சரளையிலும் பருமணலிலும் அது இடைவெளிகளை நிரப்பி இறுகும். களிமண்ணிலோ அதற்கு வழியில்லை. சாதாரண சீமெந்துத் துகள்களிற் பெரியவை ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கை நெருங்கும்; களிமண்ணின் இடைவெளிகளோ அதனிலும் நூறு மடங்குக்கு மேற் சிறியவை. நுழைய இடமில்லாத கரைசல் களிமண்ணைப் பிளந்து, எளிதான பக்கம் ஓடி, எங்கோ ஒரு தகடாக உறையும். வீட்டுக்காரர் கண்ணுக்கு நாலைந்து மூட்டை சீமெந்து உள்ளே போய்விட்டது. மண்ணோ முன்பிருந்த மண்ணே. பலவீனமான நிலத்துக்கு மேலதிக பாரமும் ஏறியிருக்கிறது.

இத்தாலியின் பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் இதற்கொரு பாடம். 1173இல் தொடங்கிய அக்கோபுரத்தை நிலைநிறுத்தவென 1934இல் அதன் அடிப்பகுதியிற் பல துளைகளிட்டுச் சீமெந்துக் கரைசலைச் செலுத்தினர். கோபுரம் நிமிரவில்லை, மேலும் சாய்ந்தது. பல பத்தாண்டுகளின் பின் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று, சாயாத வடபுறத்துக்குக் கீழிருந்து சிறிது சிறிதாக மண்ணை அகற்றியது. கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் மீண்டது. 2001 டிசம்பரில் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. அந்த நிலத்துக்கு எதையும் சேர்க்கத் தேவையிருக்கவில்லை.

இலைதழை மக்கிய சதுப்பு மண்ணிலும் சீமெந்து தடுமாறும். அம்மண்ணின் அமிலங்கள் அதனை இறுக விடா. சல்பேற்று மிகுந்த மண்ணிற் சீமெந்தோ சுண்ணாம்போ கலந்தால், நீரை உள்வாங்கும் பளிங்குகள் உருவாகி நிலமே பொங்கும். பைரைற் என்னும் கனிமம் கலந்த கல்நிரப்பு நிலவறைத் தரையை மேலே தூக்கிய வழக்குகளை, 1990களின் பிற்பகுதியில் மொன்றியலின் தென்கரையிலே வீட்டுக்காரர் பலர் கண்டனர். அங்கே தரை வெடித்தது நிலம் இறங்கியதால் அன்று, எழுந்ததால். குப்பையும் இடிபாடும் நிரப்பிய குழியில், மேலிருந்து எத்தனை சீமெந்து விட்டாலும், கீழே அழுகுவது அழுகிக் கொண்டேயிருக்கும். மிறோன் குழியின்மேல் பூங்கா அமைந்ததற்கும் குடியிருப்பு எழாததற்கும் இதுவும் ஒரு காரணம்.

குளிரையும் மறத்தலாகாது. உறைநிலையை நெருங்கும் போது சீமெந்து இறுகுவது மிக மெதுவாகும். முற்றாத கலவை உறைந்தால் உதிர்ந்து விடும். மாரி தொடங்கிய பின் மலிவாகச் செய்து தருவதாகச் சொல்வோரிடம் இதனைக் கேட்க வேண்டும்.

வெடித்த வீட்டுக்கு என்ன வழி

எல்லா வெடிப்பும் நிலத்தால் வருவதன்று. கொங்கிறீற்றில் தோன்றும் மயிரிழை வெடிப்பு அது உலரும் போது வருவது. பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. படிக்கட்டுப் போலச் செல்வதும், மேலே அகன்று கீழே ஒடுங்குவதும், ஆண்டுதோறும் வளர்வதுமே கவனத்துக்குரியவை. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலாற் கோடிட்டுத் திகதி எழுதி, அகலத்தை அளந்து, கோடையிலும் மாரியிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். புகைப்படமும் எடுத்து வையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் பின்னர் வரும் பொறியியலாளருக்கு இதுவே முதற் சான்று.

அடுத்த செலவு மண்ணை அறிவதற்காக இருக்கட்டும். கியூபெக் பொறியியலாளர் சங்கத்தில் அங்கம் வகிக்கும் மண்பொறியியல் வல்லுநர் ஒருவர், வீட்டருகே துளையிட்டு மாதிரி எடுத்து, களிமண்ணின் ஆழத்தையும் ஈரத்தையும் கல் எங்கே தொடங்குகிறது என்பதையும் எழுத்தில் தருவார். களிமண்ணில் இறங்கும் பழைய வீடுகளுக்கு இந்நகரிற் பொதுவாகச் செய்யப்படுவது, அத்திவாரத்தின் கீழே உருக்குக் குழாய்களை இறுகிய மண் அல்லது கல் வரை இறக்கி, வீட்டை அவற்றின்மேல் தாங்க வைப்பதாகும். சில இடங்களில் கூரைநீர் சுவரடியில் விழாது திருப்புவதும் உடைந்த கழிவுநீர்க் குழாயை மாற்றுவதுமே போதுமாயிருக்கும். மரத்தை வெட்ட நினைப்போர் மாநகரசபையின் அனுமதி பெற வேண்டும். பெருமரத்தைத் திடீரென அகற்றினால் களிமண் நீர் குடித்து ஊதுவதும் உண்டு. வேலையை ஏற்பவர், றெஜி டு பத்திமோன் எனப்படும் கியூபெக் கட்டட ஆணையத்தின் அனுமதிப் பத்திரம் உடையவரா என்று பார்ப்பதும் அவசியம்.

சட்டமும் துணையாக உள்ளது. 1994இல் நடைமுறைக்கு வந்த கியூபெக் குடியியற் சட்டக்கோவையின் 1726ஆம் பிரிவு, மறைந்திருக்கும் குறைகளுக்கு விற்பவரைப் பொறுப்பாக்குகிறது. கவனமுள்ள வாங்குநர் வல்லுநர் உதவியின்றியே கண்டிருக்கக்கூடிய குறை இதில் அடங்காது. குறையைக் கண்டவுடன் நியாயமான காலத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது 1739ஆம் பிரிவு. அறிவிக்காமல் அவசரமாகச் சீமெந்து அடித்து மூடியவர், தம் சான்றையும் சேர்த்தே மூடிவிடுகிறார். புதிய கட்டடமாயின் 2118ஆம் பிரிவு இன்னும் வலியது. வேலை முடிந்து ஐந்தாண்டுக்குள் கட்டடம் கெட்டால், காரணம் நிலத்தின் குறையாயிருந்தாலும், கட்டியவரும் கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் கூட்டாகப் பொறுப்பாவர். ஆனால் "சட்ட உத்தரவாதம் இன்றி" என்ற சொற்கள் விற்பனைப் பத்திரத்தில் இருந்தால் நிலைமை வேறு. நொத்தாரிசு முன் ஒப்பமிடுவதற்கு முன்பே அதன் பொருளைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். பிரெஞ்சு மொழி விளங்காவிடின் விளங்கியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

ஊரிலே கட்டுவோருக்கு

இங்கிருந்து பணம் அனுப்பி ஊரிலே வீடு எழுப்புவோருக்கும் இதே பாடம் பொருந்தும். குடாநாட்டுக் கல்நிலம் வலியது. ஆயினும் கீரிமலையும் நிலாவரையும் காட்டுவது போல அதனுள்ளே நீர் அரித்த குகைகள் உண்டு. அத்தகைய வெற்றிடம் அத்திவாரத்தின் கீழ் அகப்பட்டால் சீமெந்துக் கரைசலால் நிரப்புவது ஏற்ற முறை. வன்னியின் களிமண் நிலங்களிற் கட்டுவோர் ஈரமும் வரட்சியும் மாறும் ஆழத்தை அறிந்து கட்டல் வேண்டும். தெற்கில் 2011 நவம்பரில் திறக்கப்பட்ட அதிவேக வீதியின் சதுப்புப் பகுதிகளில், மண்ணைக் குவித்துப் பாரமேற்றி மாதக்கணக்கில் காத்திருந்தும், கனத்த பாளத்தை மேலிருந்து போட்டு இடித்தும் நிலத்தை இறுக்கினர். பொறுமையும் பாரமும் செய்யும் வேலையைச் சில நிலங்களிற் சீமெந்து செய்யாது.

வீடு என்பது எம்மவர்க்கு வெறும் முதலீடன்று. இழந்த ஒன்றின் ஈடு. அதனாற்றான் வெடிப்பைக் கண்டதும் மனம் பதறுகிறது. பதறிய மனம் முதலில் வந்தவர் சொல்லை நம்பி விடுகிறது. களிமண் ஒரு நாளில் வீட்டை விழுத்துவதில்லை. அளந்து பார்க்கவும், விசாரிக்கவும், எழுத்தில் கேட்கவும் போதிய காலம் உண்டு. முதற் பணம் மண்ணைச் சோதிக்கச் செல்லட்டும். சீமெந்து வேண்டுமா, உருக்குத் தூண் வேண்டுமா, அன்றிக் கூரைத் தண்ணீரைத் திருப்பினாற் போதுமா என்பதை அந்தச் சோதனையே சொல்லும்.